போனவர்களை அழைத்த ஊர்

பரமார்த்த குருவின் கதையைக் கேட்காத குழந்தை தமிழ்நாட்டில் அபூர்வம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களோடு அந்தக் குரு ஆற்றைக் கடந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? கரையேறியதும் ஒரு சீடன் தலைகளை எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஓர் ஆள் குறைகிறது. அடுத்தவன் எண்ணினாலும் அப்படியே. "ஐயோ, ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதே!" என்று குருவும் சீடர்களும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள்.

அந்தக் கதையை எழுதிய வீரமாமுனிவர் பல வருஷங்கள் வாழ்ந்த ஊர் ஏலாக்குறிச்சி. அரியலூர் ஜில்லாவில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. அவருக்கும் ஒரு சமயம் தம் ஆட்களை எண்ணிப் பார்க்கவேண்டிய நிலைமை வந்தது. கதையில் வந்த சீடனைப்போல அவர் தப்புக் கணக்குப் போடவில்லை. அவருடைய சபையை விட்டு மெய்யாகவே சிலர் வேறொரு புதிய சபைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திருப்பி அழைக்க அவர் என்னவெல்லாம் செய்தார், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதுதான் இந்த ஊரின் கதை. முந்நூறு வருஷத்துக்கு முந்திய மதச் சண்டை நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் பல பேர் வீட்டில் இன்றைக்கும் நடக்கிற கதை அது.

போகும் வழி

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெரம்பலூரில் கிழக்கே திரும்ப வேண்டும். பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னாலேயே சாலையோரம் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். 1751-ல் சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரர்களும், முகம்மது அலியின் பக்கம் ஆங்கிலேயர்களும் நின்று மோதிக்கொண்ட வட்டாரம் இது. இப்போது அமைதியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. சாம்பார் வைக்கும்போது நீங்கள் உரிக்கிற வெங்காயம் பெரம்பலூர்ச் சீமையிலிருந்து வந்ததாக இருந்தால் ஆச்சரியமில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஒரு மணி நேரப் பிரயாணம். வழியெல்லாம் சிமெண்டு லாரிகள். பூமிக்கடியில் சுண்ணாம்புக் கல் அத்தனை இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததாம். கல்லாகிப்போன சிப்பிகளும் சங்குகளும் அதற்குச் சாட்சி. பெரியவர்களுக்கு அரியலூர் என்றால் 1956-ஆம் வருஷத்து ரயில் விபத்துத்தான் முதலில் நினைவுக்கு வரும். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவியை விட்டு விலகினார்.

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் வழியாகத் திருமானூருக்குப் போனால் கொள்ளிடம் வந்துவிடும். ஆற்றோரமாக மேற்கே திருமழபாடி. நந்தி கல்யாணம் பார்த்தால் பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணமாகும் என்று பங்குனி மாதத்தில் தாய்மார்கள் கூட்டம் கூட்டமாக வருகிற ஊர். அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய ஸ்தலம். அதே ஆற்றங்கரையில் கிழக்கே வந்தால் ஏலாக்குறிச்சி. வயலும் தோப்பும் கடந்து ஊருக்குள் நுழையும்போதே கோயில் கோபுரமும் உயரமான மாதா சிலையும் தெரிகின்றன.

அக்கரையிலிருந்து வந்தவர்கள்

இந்தச் சின்ன ஊருக்குக் கிறிஸ்தவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? அதற்குக் கொள்ளிடத்தைப் பார்த்தாலே போதும். தெற்கே தஞ்சாவூர் மராட்டிய மன்னரின் ராஜ்யம். வடக்கே அரியலூர் மழவராயரின் பாளையமும், உடையார்பாளையம் ஜமீனும். தஞ்சையில் ஷாஜி மன்னர் ஆண்டபோது, 1701-ல், கிறிஸ்தவர்கள் கடுமையான துன்பத்துக்கு ஆளானார்கள். உயிருக்கும் உடைமைக்கும் பயந்தவர்களுக்கு ஆற்றைத் தாண்டினால் போதும் என்றிருந்தது. கையில் அகப்பட்டதை மூட்டை கட்டிக்கொண்டு, குழந்தைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வந்து ஒதுங்கிய இடங்களில் ஏலாக்குறிச்சியும் ஒன்று. அதனால்தான் இங்குள்ள மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். வீரமாமுனிவர் ஊருக்கே திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். அடைக்கலம், காவல் என்ற இந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீரமாமுனிவரின் சொந்தப் பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இத்தாலி தேசத்தில் காஸ்திக்கிலியோனே என்ற ஊரில் 1680-ல் பிறந்தவர். சேசு சபையில் சேர்ந்து, 1710-ல் கோவாவில் வந்து இறங்கி, மறு வருஷம் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். முப்பது வயதுக்கு மேல் தமிழில் அரிச்சுவடி தொடங்கியவர், 1726-ல் சூசையப்பரின் வரலாற்றைத் தேம்பாவணி என்ற காவியமாகப் பாடி முடித்தார். 3,615 பாட்டுகள்! பிறகு தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணம் வந்தது. 1732-ல் சதுரகராதி வந்தது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரியும்படி செய்தவரும் அவரே என்பார்கள். ஓலையில் எழுதியது "எரி"யா "ஏரி"யா என்று நம் பாட்டனார்கள் பட்ட திண்டாட்டம் நமக்கு இல்லாமற் போனதற்கு அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

ரோமாபுரியில் கிளம்பிய ஆட்சேபம்

இத்தனை புகழும் பிறகு வந்தது. அவர் வாழ்ந்த காலத்தில் மதுரை மிஷன் என்பது பலத்த வாக்குவாதத்துக்கு இலக்கான ஓர் இயக்கம். வெளியிலுள்ளவர்கள் மட்டுமா சந்தேகப்பட்டார்கள்? சொந்தத் தலைமைப்பீடமே சந்தேகப்பட்டது.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, சந்நியாசியாகவே வாழ்ந்தார். அவர் வழியில் வந்தவர்களும் அப்படியே இருந்தார்கள். நம் ஜனங்களின் வழக்கங்களில் எது மதம், எது வெறும் ஊர் வழக்கம் என்று பிரித்து, ஊர் வழக்கத்தை விட்டுவைக்கலாம் என்பது அவர்கள் கட்சி. மற்றவர்கள் இதைக் கடுமையாக ஆட்சேபித்தார்கள். போப்பாண்டவரின் பிரதிநிதியாகப் புதுச்சேரிக்கு வந்த தூர்நோன் என்பவர் 1704-ல் ஓர் ஆணை பிறப்பித்தார்.

அதில் என்னென்ன இருந்தது தெரியுமா? பெரும்பாலும் நம் பெண்களின் விஷயந்தான்! பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. நூற்றெட்டு இழையில் மஞ்சள் தோய்த்த தாலிக் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் வயதுக்கு வந்ததைச் சடங்கு செய்து கொண்டாடக் கூடாது. இதைக் கேட்டால் கோபம் வரலாம். ஆனால் அதே ஆணையில், மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்குள் வராமல் தடுக்கக் கூடாது என்றும் இருந்தது. தாழ்ந்த குலம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நோயாய்க் கிடந்தால் குருமார் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. அதாவது, ஊர் வழக்கத்தை விட்டுவைக்கிறோம் என்று சொல்லி, ஊரின் தீட்டையும் ஜாதியையும் சேர்த்தே விட்டுவைத்துவிட்டார்கள் என்பது ஆட்சேபத்தின் சாரம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? இந்த வழக்கு நாற்பது வருஷம் இழுத்தது. 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் தீர்ப்புச் சொன்னபோது பெரும்பாலும் ஆட்சேபித்தவர்கள் பக்கமே தீர்ந்தது.

வீரமாமுனிவரின் தமிழ்நாட்டு வாழ்க்கை முழுவதும் இந்த வழக்கின் நிழலில் கழிந்தது. புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை 1822-ல் எழுதிய சரித்திரத்தில், அவர் புலித்தோல் ஆசனத்தில் அமர்ந்ததையும், காதில் முத்துக் கடுக்கன் அணிந்ததையும், பல்லக்கில் போனதையும் வர்ணிக்கிறார். சந்தா சாகிபைப் பார்த்துப் பேசுவதற்காகப் பாரசீக மொழி கற்றார் என்றும் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஆடம்பரம் சிலரைக் கவர்ந்திருக்கும். ஓட்டைக் குடிசையில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தரங்கம்பாடியில் ஓர் அச்சகம்

இந்தச் சமயத்தில் கிழக்கே கடற்கரையில் புதிதாக ஒரு சபை முளைத்தது. டென்மார்க்குக்காரர்களின் தரங்கம்பாடியில் 1706-ஆம் வருஷம் ஜூலை 9-ம் தேதி சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். லூத்தரின் வழியைச் சேர்ந்தவர்கள். அந்நாட்டு அதிகாரிகளுக்கே அவர்கள் வந்தது பிடிக்கவில்லை. 1708-ல் சீகன்பால்குவைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்.

அவர்கள் கையில் இருந்த பெரிய சாதனம் அச்சகம். ஏசுவின் சரித்திரம் அடங்கிய புதிய ஏற்பாட்டை 1715-க்குள் தமிழில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். பெண் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார்கள். தமிழர்களையே குருவாக்கவும் அவர்கள் தயங்கவில்லை. 1733-ல் கடலூர்ப் பக்கத்துக்காரரான ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். தமிழில் முதல் அச்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்தவர்களே சேசு சபையார்தாம். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவர்கள் வெளியிட்டது. ஆனால் வீரமாமுனிவர் காலத்தில் அவர் கையில் அச்சகம் இல்லை. ஓலையும் எழுத்தாணியுந்தான்.

நினைத்துப் பாருங்கள். அந்த நாளில் கிராமத்துக் கிறிஸ்தவர்கள் குருவானவரைக் காண்பது வருஷத்தில் ஓரிரு தடவைதான். மற்ற நாளெல்லாம் வேதியர் என்று சொல்லப்படும் உபதேசியார் சொன்னதுதான் வேதம். அப்படிப்பட்டவர்கள் மத்தியில், "இதோ புத்தகம், நீயே படித்துக்கொள்" என்று ஒருவர் வந்து நீட்டினால் மனம் அசையாமல் இருக்குமா? தஞ்சாவூர்ப் படையில் சேவகம் செய்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கரின் மனம் அசைந்தது. அச்சுப் புத்தகத்தைப் படித்தார். யோசித்தார். 1720-களின் கடைசியில் லூத்தரன் சபையில் சேர்ந்தார். தாமே உபதேசியாராகித் தம்மைச் சேர்ந்தவர்களையும் அழைத்துக்கொண்டார். வெள்ளைக்காரப் பாதிரிமார் தஞ்சை ராஜ்யத்துக்குள் நுழைய முடியாதிருந்த காலத்தில், இவரைப்போன்ற தமிழர்கள்தாம் அந்தச் சபையை உள்நாட்டில் வளர்த்தார்கள்.

ஏட்டில் நடந்த சண்டை

ஏலாக்குறிச்சியில் இருந்தவருக்கு இது சும்மா இருக்கக்கூடிய விஷயமாகத் தோன்றவில்லை. எழுத்தாணியைக் கையில் எடுத்தார்.

1727-ல் வேதியர் ஒழுக்கம் எழுதினார். உபதேசியார்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எப்படிப் பேச வேண்டும், எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்று சொல்லும் நூல். அழகான வசனம். போனவர்களை ஏசுவதற்கு முன்னால், இருக்கிறவர்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்த்த புத்தகம் இது.

அடுத்த வருஷமே வேத விளக்கம் வந்தது. இது லூத்தரன் கொள்கைகளுக்கு நேரான மறுப்பு. மாதாவை வணங்கலாமா, சுரூபம் வைக்கலாமா, எது மெய்யான திருச்சபை என்ற கேள்விகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வாதாடுகிறது. தரங்கம்பாடியார் பதிலுக்குத் திருச்சபை பேதகம் என்று ஒரு நூலைக் கொண்டுவந்தார்கள். இவர் பேதகம் மறுத்தல் என்று அதற்கு மறுப்பு எழுதினார். லுத்தேர் இனத்தியல்பு என்று இன்னொன்றும் எழுதினார். பெயரைப் பார்த்தாலே உள்ளே என்ன சூடு இருக்கும் என்று தெரிகிறதல்லவா?

இந்தச் சண்டையால் தமிழ் வசன நடைக்கு லாபம் உண்டு. பாட்டும் உரையுமாக இருந்த மொழியில், சாதாரண ஜனங்கள் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி காரணம் காட்டி வாதாடுகிற வசனம் இரண்டு பக்கத்திலும் வளர்ந்தது.

ஆனால் போனவர்கள் திரும்பினார்களா? ராஜநாயக்கன் திரும்பவில்லை. லூத்தரன் சபை குறைந்து மறையவில்லை. தரங்கம்பாடியிலிருந்து தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் வளர்ந்தது. அதன் வழித்தோன்றலான தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை இன்றும் இருக்கிறது. மறு பக்கம், கத்தோலிக்கச் சபையும் அழிந்துவிடவில்லை. அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களில் வரதராஜன்பேட்டை, பாளையம், அன்னமங்கலம் என்று எத்தனையோ ஊர்களில் அது வேரூன்றி நிற்கிறது. 1899-ல் ஏற்பட்ட கும்பகோணம் மறைமாவட்டத்தில் இந்த ஊர்களெல்லாம் அடக்கம். தர்க்கம் செய்தவர்களில் ஒருவர்கூட மற்றவரை இல்லாமற் செய்யவில்லை. "உன் குரு கெட்டவர், உன் புத்தகம் பொய்" என்று கேட்டவுடனே, "ஆமாம், நான்தான் தப்பு" என்று யாராவது வீட்டுக்குத் திரும்பியதுண்டா? நம் வீடுகளிலும் இல்லை. அந்தக் காலத்திலும் இல்லை.

திலகவதியார் செய்தது

இதற்கும் ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் இதே தமிழ்நாட்டில் ஒருவர் வீட்டை விட்டு வேறு மதத்துக்குப் போனார். திருமழபாடியைப் பாடிய அப்பர் சுவாமிகள்தான் அவர். மருள்நீக்கியார் என்ற பெயரோடு இருந்த இளமையில் சமண மதத்தில் சேர்ந்து, அங்கே தருமசேனர் என்று பெரிய பதவியிலும் இருந்தார். அக்கா திலகவதியார் என்ன செய்தார்? தம்பியின் மடத்துக்குப் போய் வாதாடவில்லை. ஊரைக் கூட்டிப் பழிக்கவில்லை. திருவதிகையில் கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூத்தொடுத்துக்கொண்டு காத்திருந்தார். சூலை நோயின் கொடுமை தாங்காமல் தம்பி ஒருநாள் இரவு வாசலில் வந்து நின்றபோது, "அப்போதே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் திருநீற்றைக் கொடுத்து உள்ளே அழைத்துப் போனார். பெரிய புராணம் சொல்லுகிற வரலாறு இது. சமண பண்டிதர்களோடு வாதாடி வென்றவர்களின் கதைகளைவிட இந்த அக்காவின் கதை நம் பெண்களுக்கு எப்போதும் நெருக்கமாக இருந்துவருகிறது.

ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குப் பக்கத்தில் மாதா குளம் இருக்கிறது. அதன் படிக்கட்டில் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மாள் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு எப்படியோ அவருடைய மகளைப் பற்றித் திரும்பியது. கல்யாணமாகிப் போன இடத்தில் மகள் வேறொரு சபையில் சேர்ந்துவிட்டாளாம். வீட்டில் மாட்டியிருந்த மாதா படத்தைக் கழற்றிவிட்டாளாம். இந்தக் கோயில் திருவிழாவுக்கு வருவதில்லை.

"மொதல்ல ரொம்ப சண்டை போட்டேன் தம்பி. சாமியாரைக் கூட்டிக்கிட்டுப் போயி புத்தி சொல்லச் சொன்னேன். அவ ஒரு புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு அவரையே கேள்வி கேட்டா. ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தையே இல்லாம போச்சு. பேரப் பிள்ளை பொறந்ததைக்கூட ஊரார் சொல்லித்தான் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நானே போனேன். பிள்ளையைத் தூக்கிக்கிட்டேன். சாமி பேச்சை எடுக்கிறதில்லை. இப்ப மாசத்துக்கு ஒரு தடவை வர்றா. எங்கிட்ட சாப்பிடுறா. ராத்திரி ஜெபம் சொல்றப்ப அவ அவளோட ஜெபத்தைச் சொல்றா, நான் என்னோடதைச் சொல்றேன்."

மகள் திரும்பி வந்துவிட்டாளா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் அந்த அம்மாளைப் பொறுத்தவரையில் அவள் வந்துவிட்டாள்.

மழவராயரின் நன்றி

வீரமாமுனிவரையும் ஏலாக்குறிச்சி ஜனங்கள் வேத விளக்கத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொல்கிற கதை வேறு. அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை கண்டு, எந்த வைத்தியத்துக்கும் அடங்காமல் போயிற்றாம். வீரமாமுனிவர் மாதாவை வேண்டிக்கொண்டு, இங்கே சுரந்த ஊற்று நீரையும் மண்ணையும் வைத்துக் குணப்படுத்தினாராம். அந்த நன்றிக்காக மழவராயர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்பது கோயில் வரலாறு. வைணவ ஜமீன்தார் மதம் மாறவில்லை. கேட்கவும் இல்லை, கொடுத்தார், அவ்வளவுதான். மாதா குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போகிறவர்களில் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள் எத்தனையோ பேர். அடைக்கலம் என்ற சொல்லை அவர்கள் தங்களுக்கும் உரியதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீரமாமுனிவரே தம் வாதங்களைவிடப் பாட்டில்தான் மனம் திறந்தார் என்று தோன்றுகிறது. திருக்காவலூர்க் கலம்பகம் இந்த ஊர் மாதாவின் பேரில் அவர் பாடியது. விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய கோயிலில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர். விருத்தாசலத்து அம்மனுக்கும் பெரியநாயகி என்றுதானே பெயர்! சேலை உடுத்திய தமிழ்நாட்டுத் தாயாகவே அவளை அங்கே வைத்திருக்கிறார்கள்.

எதிர்க் கட்சியின் அச்சில்

ஏட்டுச் சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. இரண்டு பேருமே எதிர்பார்க்காத முடிவு.

ஐரோப்பாவிலிருந்து வரும் குருமார் பேச்சுத் தமிழைக் கற்றுக்கொள்வதற்காக வீரமாமுனிவர் லத்தீன் மொழியில் ஒரு கொடுந்தமிழ் இலக்கணம் எழுதியிருந்தார். 1738-ல் அது அச்சாயிற்று. எங்கே தெரியுமா? தரங்கம்பாடியில்! எந்தச் சபையை அவர் பக்கம் பக்கமாக மறுத்து எழுதினாரோ, அதே சபையின் அச்சகத்தில். அவர்களில் வால்தர் என்ற குரு, மறு வருஷம் அந்த இலக்கணத்துக்குத் தம்முடைய குறிப்புகளையும் எழுதி வெளியிட்டார். வேத விஷயத்தில் இவர் சொன்னது ஒன்றையும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தமிழ் கற்பதற்கு இவருடைய புத்தகத்தைவிட நல்லது கிடையாது என்று ஒப்புக்கொண்டார்கள்.

வீரமாமுனிவர் 1747-ல் கேரளத்து அம்பழக்காட்டில் காலமானார். அவர் சேர்ந்திருந்த சேசு சபையையே போப்பாண்டவர் 1773-ல் கலைத்துவிட்டார். மறுபடி அந்தச் சபை உயிர்பெற்று, அதன் குருமார் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது 1830-களில். வந்தவர்களுக்கு முதல் வேலை என்ன? சிதறிப்போனவர்களைத் தேடிக் கூப்பிடுகிற அதே வேலைதான். 1968-ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரையில் தமிழ்ப் பெரியார்களுக்குச் சிலை வைத்தார்கள். அந்த வரிசையில் வீரமாமுனிவரும் நிற்கிறார்.

லூத்தரன் சபைக்கும் கத்தோலிக்கச் சபைக்கும் இடையில் 1517-ல் ஆரம்பித்த தகராற்றின் முக்கியமான ஒரு பகுதியை, 1999-ஆம் வருஷம் அக்டோபர் 31-ம் தேதி ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இரண்டு சபையாரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். 2016-ல் போப் பிரான்சிஸ் ஸ்வீடன் தேசத்துக்குப் போய் லூத்தரன் சபையாரோடு ஒரே கோயிலில் நின்று ஜெபித்தார். இன்னும் ஒப்பாத விஷயங்கள் இருக்கின்றன. ஒரே பந்தியில் அமர இன்னும் வழி ஏற்படவில்லை. ஆனால் ஏசிக்கொள்வதை நிறுத்தினார்கள்.

நீங்கள் போனால்

ஏலாக்குறிச்சிக்குப் போக விரும்புகிறவர்கள் அரியலூரிலிருந்தோ, தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகவோ திருமானூருக்கு வந்து அங்கிருந்து போகலாம். வெயில் காலத்தில் குடையும் தண்ணீரும் அவசியம். காலையில் திருமழபாடியில் வைத்தியநாத சுவாமியைத் தரிசித்துவிட்டு, பிற்பகலில் ஏலாக்குறிச்சிக்கு வந்து சேரும்படி வைத்துக்கொண்டால், ஒரே ஆற்றங்கரையில் ஒரே நாளில் அப்பரின் ஊரையும் வீரமாமுனிவரின் ஊரையும் பார்த்துவிடலாம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனால் கொள்ளிடக் கரையில் உட்காரவைத்துப் பரமார்த்த குரு கதையைச் சொல்லுங்கள்.

கதையின் முடிவையும் சொல்ல மறக்க வேண்டாம். அழுதுகொண்டிருந்த ஆறு பேரையும் ஒரு வழிப்போக்கன் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் முதுகிலும் கழியால் ஓர் அடி போட்டு, அவரவர் பெயரைச் சொல்லச் சொல்லி எண்ணுகிறான். அப்போதுதான் ஒருவரும் காணாமற் போகவில்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் வேறு கோயிலுக்கோ, வேறு சபைக்கோ, கோயிலே வேண்டாம் என்றோ போயிருந்தால், அடுத்த பண்டிகைக்கு இலை போடும்போது அவரையும் சேர்த்து எண்ணிப் போடுங்கள்.